காற்றுப் புகாத கேமராப் பெட்டி

ஒரு பொருளை வாங்கும்போது நமக்கு இல்லாத அறிவு, அதற்கு உறை வாங்கும்போது எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடுகிறது. டிவி ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை போட்டு, நாளடைவில் எண்கள் தெரியாமல் போனதும் குத்துமதிப்பாக அழுத்துகிறோம். புதுக் கார் இருக்கையின் பிளாஸ்டிக்கைக் கழற்றாமல், இரண்டு கோடைகாலம் அதன்மேல் வியர்த்து வழுக்கிக்கொண்டே பயணம் செய்கிறோம். ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குப் பூப்போட்ட சட்டை தைத்துப் போடுகிறோம். (கைப்பிடி இதுவரை யாரிடமும் குளிருது என்று சொன்னதில்லை.) இவர்களையெல்லாம் கிண்டல் செய்ய எனக்கு அருகதை கிடையாது. உள்ளங்கை அளவு டிஜிட்டல் கேமரா ஒன்றுக்கு உறை தேர்ந்தெடுக்கப் போய், இவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் தூக்கிச் சாப்பிட்டவள் நான்.

சென்னையில் ஒரு நாளிதழில் எட்டு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். கணவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேலை அமைந்ததால் ஸ்ரீபெரும்புதூருக்குக் குடிவந்து, ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். கார் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை ஊற்றி வைக்கிற பிளாஸ்டிக் டப்பாதான் எங்கள் தயாரிப்பு. அந்தத் தொழிற்சாலையின் மாத இதழைக் கொண்டுவருவது என் பணி. பிறந்தநாள் வாழ்த்துகள், பாதுகாப்பு வாசகம், கோலப்போட்டி முடிவு, எம்.டி.யின் புகைப்படம், அடுத்த பக்கத்தில் எம்.டி.யின் இன்னொரு புகைப்படம்.

புகைப்படம் எடுப்பதில்தான் சிக்கல். எங்கள் தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. எம்.டி. உட்பட எல்லோரும் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். தண்ணீர் டப்பாவின் வளைவு வெளியே தெரிந்துவிட்டால் போட்டிக் கம்பெனி அதே வளைவில் டப்பா செய்துவிடும் என்று பயம். (டப்பா பெரும்பாலும் சதுரம்.) எனவே நிர்வாகம் இணைய வசதி எதுவும் இல்லாத ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவை வாங்கி என்னிடம் ஒப்படைத்தது. ஆயிரம் பேர் வேலை செய்யும் அந்த மதில்சுவருக்குள் கையில் எடுத்துப் படம் பிடிக்க இருந்த ஒரே கருவி அதுதான். "பத்திரமா பாத்துக்கங்க" என்றார் மனிதவளத் துறை மேலாளர். அவர் அதோடு மறந்துவிட்டார். நான்தான் மறக்கவில்லை.

அந்த வாரம்தான் வளர்மதி என் மேசைக்கு வந்தாள். வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். இருபத்து மூன்று வயது. தயாரான டப்பாக்களுக்குள் காற்றை ஏற்றி, கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, எங்காவது குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. குமிழி வந்தால் டப்பாவில் ஓட்டை, கழித்துவிட வேண்டும். முந்தைய மாதம், இயந்திரம் 'சரி' என்று சொல்லி அனுப்பிய டப்பாக்களில் ஊசிமுனை அளவு குமிழியைக் கண்டு, சூப்பர்வைசர் கத்தியும் கேட்காமல் உற்பத்தி லைனையே நிறுத்தியவள். சோதித்துப் பார்த்ததில் அவள் சொன்னது சரி. அந்த டப்பாக்கள் கார்களில் ஏறியிருந்தால் எங்கள் கம்பெனியின் பெயர் கெட்டிருக்கும். அதற்காக, எங்களிடம் டப்பா வாங்கும் கார் கம்பெனியின் வெளிநாட்டுத் தலைவரே நேரில் வந்து அவளுக்குச் சான்றிதழ் கொடுப்பதாக ஏற்பாடு.

"அக்கா, அந்தப் பெரியவரு எங்கையில குடுக்கறாப்பல ஒரே ஒரு போட்டோ வேணும்க்கா. எம்மூஞ்சி நல்லா தெரியணும்."

"அதுக்குத்தானே நான் இருக்கேன்."

"இல்லக்கா, நெஜமாவே வேணும். நான் இங்க இன்னா செய்றேன்னே எங்கப்பாக்குத் தெரியாது. 'நாள் பூரா தண்ணிய பாத்துகினு நிக்குது'ன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறாரு. விழா முடிஞ்சி வர்ற ஞாயித்துக்கெழம வாலாஜாபாத்லருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. பையன் நல்ல பையன்தான். ஆனா அவங்க வூட்ல, வேலைய வுட்டுடணுமாம். எங்கப்பாவும் தலையாட்டிட்டாரு. 'தண்ணியத்தானே பாக்கணும், மாட்டுத் தொட்டி வூட்லயே கீதே'ன்றாரு."

"நீ வாயால சொல்லக் கூடாதா?"

"சொன்னா நம்பணுமே. போட்டோவ காட்டினா மீதிய நான் பேசிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை விழா, ஞாயிறன்று பெண்பார்க்கும் நிகழ்ச்சி. "ஒண்ணுக்கு நாலா எடுத்துத் தர்றேன், போ" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த கையோடு எனக்குக் கவலை வந்துவிட்டது. விழாவுக்கு இன்னும் மூன்று வாரங்கள். அதற்குள் கேமரா கீழே விழுந்தால்? தூசி புகுந்தால்? யாராவது மோர் கொட்டினால்? ஒரு நல்ல உறை வேண்டும். இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி ஒரு பவுச் வாங்கியிருப்பாள்.

நானும் முதலில் பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் உதிரிகள் விற்கும் கடைக்குத்தான் போனேன். கடைக்காரர் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கயிற்றில் தொங்கிய கறுப்புத் துணி உறையில் ஒன்றை உருவி கேமராவை உள்ளே விட்டார். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

"ஜிப்ப இந்தப் பக்கம் இழுத்தா வெளிய வரும், அந்தப் பக்கம் இழுத்தா உள்ள போவும். அவ்ளோதான் மேடம்."

"எத்தனை அடி உயரத்துலேருந்து விழுந்தா தாங்கும்?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இன்னாத்துக்கு மேடம் கீழ போடப்போறீங்க?"

கடைக்காரருக்குப் போதிய தொழில்நுட்ப அறிவு இல்லை என்று முடிவுகட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் குண்டூசி வாங்குவதானாலும் மூன்று பொருள்களை ஒப்பிட்டு அட்டவணை போடவேண்டும். எனக்கு மூன்று போதவில்லை. இரவும் பகலும் இணையத்தில் வாங்கியவர்களின் கருத்துகளைப் படித்துப் பதினோரு உறைகளை ஒப்பிட்டேன். தோல் உறை: மழைக்கு ஆகாது. ரப்பர் உறை: தூசியை இழுக்கும். இடுப்பில் கட்டும் உறை: என் இடுப்பைப் பற்றி அதை வடிவமைத்தவருக்கு இருந்த எண்ணம் தவறானது. கடைசியில் ஒன்று கிடைத்தது. கறுப்பு நிறக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே நுரைப்பஞ்சு மெத்தை. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், இரண்டு பூட்டுக் கொக்கிகள். தண்ணீர், தூசி எதுவும் புகாது. விளம்பரத்தில் அதன்மேல் ஒரு ஜீப் ஏறி இறங்கியது. எங்கள் அலுவலகத்துக்குள் ஜீப் வருமா என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பெட்டி வந்தது. சட்டைப்பைக்குள் அடங்கவேண்டும் என்று எத்தனையோ பொறியாளர்கள் பாடுபட்டுச் சின்னதாக்கிய கேமராவை, இரண்டு பேர் சாப்பாடு கொள்கிற டிபன் கேரியர் அளவுக்கு ஒரே நாளில் பெரிதாக்கிவிட்டேன். பெட்டியோடு ஒரு துண்டுத்தாளும் வந்தது. சனிக்கிழமைதோறும் எங்கள் மேசைகளில் தேவையற்ற காகிதம் இருக்கிறதா என்று சோதனை நடக்கும். மதிப்பெண் குறையக் கூடாதென்று அந்தத் தாளைப் படிக்காமலே கிழித்துக் குப்பையில் போட்டேன். (பிறர் எழுதியதை எழுத்தெண்ணிப் படித்து எட்டு ஆண்டுகள் சம்பளம் வாங்கியவள்.)

அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பேன். தொழிற்சாலைக் காற்று பட்டால் எதையும் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. தண்ணீர் புகாது என்கிறார்களே, நம்மிடம்தான் தொட்டி இருக்கிறதே என்று, கேமராவை வெளியே எடுத்துவைத்துவிட்டு வெறும் பெட்டியை வளர்மதியிடம் கொண்டுபோனேன். அவள் அதை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தித் தண்ணீருக்குள் அமுக்கினாள். கண்ணிமைக்காமல் பார்த்தாள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"அக்கா, பபுள் வருது."

"எங்க?"

"தோ, கொக்கிக்குப் பக்கத்துல. கடுகு சைஸுக்கு ஒரு ஓட்டை கீது பாருங்க. ஆனா ஒரு மாதிரி வருதுக்கா. நின்னு நின்னு. ஓட்டையாட்டம் இல்ல, சும்மா வுட்டு வெச்சாப்பல கீது."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கியிருக்கவேண்டும். வாங்காமல், குமிழி என்றால் குறை என்று பெட்டியில் சிவப்பு அட்டை கட்டி பழுதுபார்க்கும் டூல் ரூமுக்குக் கொண்டுபோனேன். அங்கே இசக்கிமுத்து இருந்தார், திருநெல்வேலிக்காரர், அவர் அடைக்காமல் விட்ட ஓட்டை அந்தத் தொழிற்சாலையில் கிடையாது.

"இதுக்காக்கும் இவ்ளோ கவலப்படுதீய? நம்ம டப்பாக்குப் போடுத பசையிலயே ஒரு பொட்டு வச்சிருவோம். பொறவு எறும்பு மூச்சு விட்டாக்கூட வெளிய வராதுல்லா."

ஒரு பொட்டு வைத்தார். மறுநாள் மீண்டும் தொட்டியில் அமுக்கினோம். குமிழி இல்லை. பெட்டியில் பச்சை நிறத்தில் 'OK' ஒட்டி, அதன்மேல் நானே கையெழுத்துப் போட்டேன்.

விழா நாள் வந்தது. அது மே மாதம். முதல் நிகழ்ச்சி மரக்கன்று நடுதல். கேட்டுக்குப் பக்கத்து வெட்டவெளியில், ஒரு மேசைமேல் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் படமெடுத்தேன். வெளிநாட்டுத் தலைவர் நல்ல உயரம், வெயிலில் தக்காளி நிறத்துக்கு வந்திருந்தார். குழிக்குள் கன்றை வைக்கும் தலைவர், மண்ணைத் தள்ளும் தலைவர், தண்ணீர் ஊற்றும் தலைவர், பக்கத்தில் எம்.டி., தனியாகக் கன்று. நாற்பது படங்கள் எடுத்தேன். வேப்பங்கன்று ஒன்றுக்கு இவ்வளவு மரியாதை அதற்கு முன் நடந்திருக்காது. பிறகு கேமராவை, கை சுடும் அளவுக்குக் கொதித்துப்போயிருந்த பெட்டிக்குள் வைத்து, இரண்டு கொக்கிகளையும் 'டக், டக்' என்று பூட்டினேன். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு பெருமிதம்.

அடுத்து பயிற்சி அரங்கில் பாராட்டு விழா. தலைவர் குளிர்நாட்டுக்காரர் என்பதால் ஏசியைப் பதினெட்டில் வைத்திருந்தார்கள். சீருடை மட்டும் அணிந்திருந்த எங்களுக்குப் பல் கிட்டியது. வரவேற்புரை நான்கு. நான்காவதாகப் பேசியவர் முதல் மூவரையும் வரவேற்றார். முக்கால் மணி நேரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருந்தேன். அப்போதே திறந்திருக்கலாம். அரங்கில் தூசி இருக்குமே என்று திறக்கவில்லை.

"வளர்மதி" என்று அழைத்தார்கள். எண்ணெய் வைத்துப் படியச் சீவி, சீருடையை இஸ்திரி போட்டு வந்திருந்தாள். மேடையேறும் வழியில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு முதல் கொக்கியைத் திறந்தேன். டக். இரண்டாவது. டக். மூடியைத் தூக்கினேன்.

மூடி வரவில்லை.

மறுபடி தூக்கினேன். மூடியும் பெட்டியும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. மேடையில் தலைவர் சான்றிதழின் ஒரு முனையையும் வளர்மதி மறுமுனையையும் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். எம்.டி.யும் நடுவில் வந்து நின்று சிரித்தார். நான் நகத்தைக் கொடுத்து நெம்பினேன். நகம் வந்தது. சாவியை விட்டு நெம்பினேன். சாவி வளைந்தது. மேடையில் சிரிப்பு தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் எம்.டி.யின் கன்னம் துடிக்கத் தொடங்கியது.

"ஒன் மினிட் சார்" என்று சொல்லிவிட்டு (ஆங்கிலத்தில் நான் அன்று பேசிய முழு வாக்கியம் அதுதான்) பெட்டியைத் தரையில் வைத்தேன். இசக்கிமுத்து பின்வரிசையிலிருந்து ஓடிவந்து அடிப்பக்கத்தைப் பிடித்தார். நான் மூடியைப் பிடித்து இழுத்தேன். இருவரும் பெட்டியோடு சேர்ந்து மேடையை நோக்கி நகர்ந்தோம்.

"மேடம், மேல உக்காந்து ஒரு அழுத்து அழுத்துங்க, பொறவு விடுங்க. ஸ்பிரிங் மாதிரி எந்திரிக்கும்" என்றார். அந்த யோசனையிலிருந்த அறிவியலை ஆராய நேரமில்லை. அரங்கமே பார்க்க, கேமராப் பெட்டியின்மேல் குந்தி உட்கார்ந்தேன். ஜீப்பையே தாங்கிய பெட்டி என்னையும் தாங்கியது. எல்லா ஆபத்துகளிலிருந்தும் கேமராவைக் காப்பதாக எழுதியிருந்தார்கள். அன்றைக்கு இருந்த ஒரே ஆபத்து நான்தான். என்னிடமிருந்தும் அது காப்பாற்றிவிட்டது.

தலைவரின் உதவியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் சான்றிதழிலிருந்து மெதுவாகக் கையை எடுத்து, வளர்மதிக்குக் கைகொடுத்து, படியிறங்கி, என்னைச் சுற்றிக்கொண்டு போனார். அவருக்கு விமானம் இருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வெயிலில், கேட்டு வரை. கார் ஏற்கெனவே சாலையில் திரும்பிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியபடி, பெட்டியைக் காவலர் கூண்டுக்கு வெளியே கொதிக்கும் சிமெண்டு மேடையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இசக்கிமுத்துவும் வளர்மதியும் வந்து சேர்ந்தார்கள். பத்து நிமிஷம் கழித்து, என்ன நடந்ததென்றே தெரியாத காவல் மேற்பார்வையாளர் ஏகாம்பரம் வெளியே வந்தார்.

"இன்னா மேடம் இது, செக் பண்ணாம வெளிய எடுத்தாந்துட்டீங்க?" என்று சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் மூடியைத் திறந்தார்.

மூடி திறந்தது. கேமரா நுரைப்பஞ்சில் சுகமாகப் படுத்திருந்தது.

இசக்கிமுத்து தான் பசை வைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "மேடம், நாம அடச்சோம்லா, அந்த ஓட்டைதான். வெயில்ல மூடுனீய, உள்ள இருந்த காத்து சூடு. ஏசில போயி அது சுருங்கி மூடியப் புடிச்சு உள்ள இழுத்துட்டு. இப்ப திரும்ப சூடாயி விட்டுட்டு. இப்டி ஆவக் கூடாதுன்னுதான் அவன் ஓட்டை போட்டிருக்கான்."

(பின்னர் அந்தத் துண்டுத்தாளை இணையத்தில் தேடிப் படித்தேன். முதல் வரியே அதுதான். தடித்த எழுத்தில்.)

"நான்தான் அப்பவே சொன்னேனேக்கா, சும்மா வுட்டு வெச்சாப்பல கீதுன்னு" என்றாள் வளர்மதி. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். சான்றிதழோடு அவளைத் தனியாக நிற்கவைத்துப் படமெடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க்கா. சர்டிபிகேட்ட ஜெராக்ஸ் கடையில போட்டு எடுத்தாந்தியான்னு எங்கப்பா கேப்பாரு" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குத் திரும்பிப் போனாள்.

எனக்கு ஒருநாள்தான் இருந்தது. அரங்கில் வேறு யாரிடமும் கேமரா இல்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் அரங்கின் கூரையைப் பார்த்தேன். அங்கே கண்காணிப்புக் கேமரா தொங்கியது. ஏகாம்பரத்திடம் ஓடினேன்.

"அதெல்லாம் வெளிய குடுக்க ரூல் இல்ல மேடம். இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுனா, கூட வெச்சி ஒரு படம் தருவோம். திருட்டா, அடிதடியா, விபத்தா?"

"விபத்து."

"யாருக்கு அடி?"

கொஞ்சம் யோசித்து, "எனக்கு" என்றேன். படிவத்தில் விபத்து நடந்த விதத்தை நானே எழுதினேன். எட்டு ஆண்டு அனுபவம், ஒரு சொல் மிகையில்லாமல் எழுதினேன். 'காரணம்' என்ற இடத்தில் என் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்திட்டேன். மனிதவள மேலாளர் அதைப் படிக்கையில் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். சனிக்கிழமை மாலை படம் கிடைத்தது. மேலிருந்து எடுத்தது. மேடை, தலைவர், சான்றிதழ், வளர்மதியின் முகம், எல்லாம் துல்லியம். படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் நான்: தலைமுடி முகத்தை மறைக்க, கறுப்புப் பெட்டியின்மேல் குந்தி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் இசக்கிமுத்து, பிரசவம் பார்ப்பவர் போல.

என்னை வெட்டி எடுத்துவிட்டுத் தருவதாகச் சொன்னேன். "முழுசா இருந்தாத்தான் நம்புவாரு" என்று வளர்மதி அப்படியே வாங்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் என் மேசைக்கு வந்தாள்.

"எங்கப்பா போட்டோவ பாத்தாருக்கா. என்னிய பாக்கல, அந்தப் பெரியவர பாக்கல. உங்களத்தான் பாத்தாரு. 'யாரும்மா இது, பொட்டி மேல குந்திகினு?'ன்னாரு. எங்க ஆபீஸ் மேடம்னேன். பபுள் பாத்ததுலருந்து பூரா கதையும் சொன்னேன். ரெண்டு தபா திருப்பிச் சொல்லச் சொன்னாரு."

"அப்புறம்?"

"அவங்க வந்து குந்தினதும், காபி குடுக்கறதுக்கு முன்னாடியே போட்டோவ எடுத்து நடுவுல வெச்சிட்டாரு. 'பாத்துக்கங்க. ஏசில கீறவங்க, படிச்சவங்க, அவங்க லட்சணம் இது. எம்பொண்ணு தண்ணிய பாத்தே ஓட்டை எதுக்கு கீதுன்னு சொல்லிட்டா. இவள நிறுத்திட்டா அந்தக் கம்பெனி கதி இன்னா ஆவறது?'ன்னு கேட்டாரு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மாமியாரு போட்டோவ கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்பால 'அய்யோ பாவம், போவட்டும் வேலைக்கு'ன்ட்டாங்க."

அந்த 'பாவம்' யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வளர்மதி இன்றும் வேலை பார்க்கிறாள். இப்போது அந்தத் தொட்டிப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. சென்ற ஆண்டு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அவள் குழந்தைக்குக் காதுகுத்து. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கணவரோடு போயிருந்தேன். வளர்மதியின் அப்பா ஓடிவந்து என்னை வரவேற்று, கூட்டத்தின் நடுவே நிறுத்தினார்.

"நம்ம வூட்ல மாட்டி வெச்சிகினு கீறமே போட்டோ, அந்த மேடம் இவங்கதான்."

உறவினர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "இவங்களா? அவங்களாட்டம் இல்லியே" என்றார் ஒருவர். "அவங்க இன்னும் குட்டை" என்றார் இன்னொருவர். வளர்மதியின் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த கதையின் நம்பகத்தன்மையே ஆட்டம் காண்கிறது.

"அம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. ஒரே ஒரு தபா கொஞ்சம் குந்திக் காட்டுங்க."

உதவிக்குக் கணவரைப் பார்த்தேன். அவர் என் கைப்பையை வாங்கிக்கொண்டார். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கோயில் கல்தரையில் குந்தினேன். "முழங்கால புடிச்சிக்கங்கம்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிடித்துக்கொண்டேன்.

"அட, ஆமா! அவங்களேதான்!" என்றது கூட்டம்.

வளர்மதியின் மாமியாருக்கு மட்டும் இன்னும் சந்தேகம் தீரவில்லை. கிட்டே வந்து, குனிந்து, என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பொட்டி எங்கம்மா?"